பெல்ட் இறுகித்தான் இருக்கிறது, சரக்கு ஏன் நகர்கிறது? ராட்செட் பெல்ட் கோளாறுகளும் தீர்க்கும் வழியும்

கோவை கணபதியில் எங்கள் யார்டிலிருந்து வாரம் நாலைந்து லோடு கிளம்பும். லேத், மோட்டார், பம்ப், சில நாள் வீட்டுச் சாமான். குட்டி யானையிலிருந்து 407 லாரி வரைக்கும் கயிற்றின் இடத்துக்கு இப்போது ராட்செட் பெல்ட் (பல்லுள்ள கைப்பிடியை முன்னும் பின்னும் அடித்து இறுக்கும் பட்டை) வந்துவிட்டது. கூடவே ஒரே மாதிரியான போன்களும் வருகின்றன. "பெல்ட் லூஸாயிருச்சு", "லாக் எடுக்க மாட்டேங்குது", "டைட்டாத்தான் இருக்குது, ஆனா மெஷின் நகந்திருச்சு." இத்தனை வருடம் போனில் சொன்ன பதில்களை அறிகுறி வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் வண்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், செலவு வைப்பது கடைசியில்.

## கிளம்பும் முன் இரண்டு சாக்பீஸ் கோடு

எந்தக் கோளாறானாலும் கண்டுபிடிக்க இது வேண்டும். பெல்ட்டை இறுக்கி முடித்ததும் சரக்கின் அடியிலிருந்து வண்டித் தளத்துக்கு ஒரு கோடு இழுங்கள். அடுத்து, ராட்செட்டின் உருளைக்குள் பெல்ட் நுழையும் இடத்தில் பெல்ட்டின் குறுக்கே ஒரு கோடு. பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்திப் பாருங்கள்.

தளத்தில் போட்ட கோடு விலகியிருந்தால் பிடிமானம் போதவில்லை: "பெல்ட் டைட், சரக்கு நகர்கிறது" என்ற தலைப்பு.

பெல்ட்டில் போட்ட கோடு உருளையை விட்டு வெளியே வந்திருந்தால் ராட்செட் விட்டுக்கொடுக்கிறது: "பல் வழுக்குகிறது" என்ற தலைப்பு.

இரண்டும் அசையாமல் பெல்ட் மட்டும் தொளதொளவென்றிருந்தால் சரக்கு அமுங்கியிருக்கிறது: அடுத்த தலைப்பு.

## பத்துக் கிலோமீட்டரில் பெல்ட் தளர்ந்துவிட்டது

பெரும்பாலும் இது கோளாறே இல்லை. மூட்டை, அட்டைப்பெட்டி, மரச்சட்டம் எதுவானாலும் குலுங்கினால் அமுங்கும். ஒரு விரல் அளவு அமுங்கினாலே பெல்ட்டின் இறுக்கம் பாதியாகக் குறையலாம். மறுபடி இறுக்கி, இன்னும் பத்துக் கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். இரண்டாம் முறை தளராவிட்டால் அதோடு சரி. அதற்கப்புறம் டீக்கு நிற்கும்போதெல்லாம் ஒரு முறை கை வைத்துப் பார்த்தால் போதும்.

இரண்டாம் முறையும் தளர்ந்தால் பெல்ட் போன வழியைத் தடவிப் பாருங்கள். எங்காவது மூலையில் முறுக்கிக்கொண்டோ, சட்டத்தின் மேல் ஏறியோ நின்றிருக்கும். குலுக்கலில் அது நேராகும்போது தொங்கல் விழும். அவிழ்த்து, பட்டையாகப் படியவைத்து, மறுபடி கட்டுங்கள்.

அடுத்து இரண்டு பக்கமும் தட்டிப் பாருங்கள். ராட்செட் இருக்கும் பக்கம் 'டங்'கென்றும் எதிர்ப்பக்கம் மந்தமாகவும் சத்தம் வந்தால், மேல் மூலைகளில் உராய்ந்து இழுப்பு அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. மூலைகளில் வழுவழுப்பான பிளாஸ்டிக் கார்னர் வையுங்கள். நாலு பெல்ட் போட்டால் ராட்செட்டை இடம், வலம் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். எல்லா ராட்செட்டும் டிரைவர் பக்கமே இருப்பது இறுக்குவதற்குச் சுலபம், ஆனால் சரக்கு ஒரு பக்கமாக இழுபட்டே போகும்.

மழையில் மட்டும் தளர்கிறதா? லேபிளின் நிறத்தைப் பாருங்கள். பச்சை என்றால் நைலான் வகை, நனைந்தால் நீளும். நீலம் பாலியெஸ்டர், தண்ணீரில் அதிகம் மாறாது. சரக்கு கட்ட நீல லேபிளையே வாங்குங்கள்.

## பெல்ட் டைட், சரக்கு நகர்கிறது

எனக்கு அதிகம் கவலை தரும் அறிகுறி இதுதான். பெல்ட் நன்றாக இருப்பதால் டிரைவர் நம்பிக்கையோடு ஓட்டுவார்.

ஒரு தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறைக்கு லேத் ஒன்றை வால்பாறைக்கு அனுப்பியிருந்தோம். 50 மில்லிமீட்டர் அகல பெல்ட் இரண்டு, நான் பார்க்கத்தான் கட்டினார்கள். ஆழியாறு தாண்டி ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவிலிருந்து டிரைவர் கூப்பிட்டார். "பெல்ட் கின்னுனு இருக்குதுங்ண்ணா. ஆனா மெஷின் காலு நாலு விரக்கடை பின்னாடி வந்திருச்சு." சக்கரத்துக்குக் கல் கொடுத்து அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு ஜாக்கியோடு போனேன். புள்ளி போட்ட இரும்புத் தகட்டின் மேல், வார்ப்பிரும்புக் கால் இழுத்து வந்த இடம் வெள்ளிக்கோடு போலப் பளபளவென்று இருந்தது. காலுக்கடியில் விரலை விட்டேன், ஈரமாக வந்தது. கடைசல் எண்ணெய். மெஷினைத் துடைத்திருந்தோம், அதன் அடியைத் துடைக்கவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்து, மரத்தூள் போட்டுத் தேய்த்து, நாலு காலுக்கும் ரப்பர் வைத்தோம். அதே இரண்டு பெல்ட்டோடு மேலும் இரண்டு போட்டோம். மீதி முப்பத்தொரு வளைவிலும் சாக்பீஸ் கோடு அப்படியே இருந்தது.

அன்றைக்குப் புரிந்த ஒன்றைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். சரக்கின் மேலாக வளைத்துக் கட்டும் பெல்ட் சரக்கைப் பிடித்து வைப்பதில்லை. கீழ்நோக்கி அமுக்குகிறது, அவ்வளவுதான். பிடித்து வைப்பது அடியிலுள்ள உராய்வு. அதனால் சோதனையை அடியிலிருந்து தொடங்குங்கள்.

தளம் சுத்தமா? மணல், எண்ணெய், முந்தின லோடின் சிமென்ட் தூள் எல்லாமே உருளை மாதிரி வேலை செய்யும். பெருக்கித் துடைக்கக் காசு ஆகாது.

ரப்பர் இருக்கிறதா? ஐரோப்பாவில் சரக்கு கட்ட ஈஎன் 12195 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதன்படி திடீர் பிரேக்கில் சரக்கு தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னால் பாயும், வளைவில் பக்கவாட்டில் 50 சதவீதம். ஒரு டன் இரும்புச் சரக்கு, முன்னால் முட்டு இல்லை, பெல்ட் ஒவ்வொன்றும் 300 கிலோ இறுக்கத்தில் ஏறக்குறைய நேர்க்குத்தாக இறங்குகிறது என்று வைத்து, அந்தக் கணக்கிலேயே உள்ள 1.25 பாதுகாப்பு மடங்கையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். பலகைத் தளத்தில் பிடிமானம் (உராய்வு எண்) 0.3 என்று கொண்டால் நாலு பெல்ட் வேண்டும். இரும்பு மேல் இரும்பு, 0.2 என்றால் ஏழு. பிடிமானம் 0.6 தரும் ரப்பர் மேட் வைத்தால் கணக்குக்கு ஒன்று போதும்! (ஒற்றை பெல்ட்டில் நான் எதையும் அனுப்ப மாட்டேன், குறைந்தது இரண்டு.) ஏழு பெல்ட் செய்யும் வேலையை ரப்பர் துண்டுகள் செய்துவிடுகின்றன. சரக்குக்கென்றே விற்கும் மேட் வாங்குங்கள். அவசரத்துக்குப் பழைய லாரி டியூபை வெட்டிப் போடலாம், ஆனால் அதை நம்பி பெல்ட்டைக் குறைக்காதீர்கள். ரப்பர் இரண்டு பக்கமும் சரக்கையும் தளத்தையும் நேரடியாகத் தொட வேண்டும், நடுவில் அட்டையோ பாலித்தீனோ வரக்கூடாது.

முன்னால் முட்டு இருக்கிறதா? சரக்கை முன்பலகையோடு சேர்த்து வையுங்கள். எடை பின்னால் போக வேண்டிய வண்டி என்றால் இடைவெளியில் கட்டை கொடுங்கள். முன்பக்கம் முட்டு நின்றால் பெல்ட்டுக்கு மிஞ்சுவது பக்கவாட்டும் பின்பக்கமும்தான்.

பெல்ட் எந்தச் சாய்வில் இறங்குகிறது? உயரம் குறைந்த மோட்டாரை நடுவில் வைத்து வண்டியின் இரு ஓரத்துக்கும் இழுத்துக் கட்டினால் பெல்ட் படுத்துவிடும். தளத்தோடு 30 டிகிரி என்றால் அமுக்கும் விசை பாதி. 60 டிகிரிக்கு மேல் நிற்கிற மாதிரி கட்டுங்கள். முடியாவிட்டால் மேலே வளைக்காதீர்கள். சரக்கின் நாலு மூலையிலிருந்தும் தனித்தனி பெல்ட்டை எதிரெதிர்த் திசைக்கு இழுத்து நேராகக் கட்டுங்கள். இதில் பெல்ட்டே சரக்கைப் பிடிக்கும், இதற்குத்தான் லேபிளில் உள்ள பெரிய எண் பொருந்தும் (அது என்ன என்று கடைசித் தலைப்பில் இருக்கிறது).

லேத் ஏற்றுபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஹெட்ஸ்டாக் பக்கம்தான் எடை. காலோடு இரண்டு அகலமான மரச்சட்டத்தை போல்ட் போட்டு முடுக்கிவிட்டுத்தான் ஏற்றுங்கள். பெல்ட் படுகையின் மேல் போக வேண்டும். லீட் ஸ்க்ரூவையோ ஃபீட் ராடையோ தொட்டுக்கொண்டு போனால், போய்ச் சேரும்போது மெஷின் இருக்கும், ஆனால் ராடு வளைந்திருக்கும். டெயில்ஸ்டாக்கையும் கேரேஜையும் லாக் செய்யுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: சரக்கு நகர்ந்து ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் பெல்ட்டைத் தொடாதீர்கள். கிரேனோ ஃபோர்க்லிஃப்டோ வந்து எடையைத் தாங்கிய பிறகுதான் அவிழ்க்க வேண்டும். உயரமாக, தலை கனத்து நிற்கும் மெஷினையும் உருண்டை காயில்களையும் முதலிலேயே மெஷின் ஷிஃப்டிங் ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள். அவர்கள் சங்கிலி போடுவார்கள். அதோடு நீங்கள் பெல்ட்டையும் சேர்த்து ஒரே திசைக்குக் கட்ட வேண்டாம். பெல்ட் முழுச் சுமையில் 7 சதவீதம் வரை நீளும், சங்கிலி நீளாது. மொத்தப் பாரமும் சங்கிலிக்கே போகும், பெல்ட் பேருக்கு நிற்கும்.

## பல் வழுக்குகிறது, அடித்தாலும் இறுகவில்லை

உருளையில் எத்தனை சுற்று இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றரைச் சுற்றுக்குக் குறைந்தால் பெல்ட் வழுக்கும், மூன்றைத் தாண்டினால் உள்ளே திணறிக்கொள்ளும். தொங்கலை முதலில் கையால் முழுக்க இழுத்துவிட்டு, அப்புறம் கைப்பிடியை அடித்தால் இரண்டு சுற்றில் முடிந்துவிடும். முக்கால்வாசிப் புகார் இதோடு தீரும்.

சுற்று சரியாக இருந்தும் வழுக்கினால் பற்களுக்கிடையில் மண்ணோ நார்ப்பிசிரோ இருக்கும். பழைய பல் தேய்க்கும் பிரஷ் போதும். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல்லின் முனை மழுங்கியிருந்தாலோ, பூட்டும் தகட்டின் ஸ்பிரிங் சோர்ந்திருந்தாலோ, பக்கத் தகடு வளைந்திருந்தாலோ அந்த ராட்செட் கழிவு. வெல்டிங் வைத்து உயிர் கொடுக்காதீர்கள்.

பக்கத் தகடு ஏன் வளைகிறது? கைப்பிடியில் பைப்பைச் செருகி நெம்புவதால். ஒரு ஆள் கையால் சுமார் 50 கிலோ இழுப்பு கொடுப்பார் என்று கணக்கிட்டுத்தான் அந்தக் கைப்பிடியே செய்யப்படுகிறது. பைப் போட்டால் அதைப்போல மூன்று, நாலு மடங்கு போகும். கையால் இழுத்து இறுக்கம் போதவில்லை என்றால் இன்னொரு பெல்ட் போடுங்கள்.

இறுக்கி முடித்ததும் கைப்பிடியை மடக்கிப் படுக்கவைத்துப் பூட்ட மறக்காதீர்கள். நிமிர்ந்து நிற்கும் கைப்பிடி குலுக்கலில் தானே திறந்த கதைகள் உண்டு.

## லாக் எடுக்க வரவில்லை

முதலில் சரக்கைப் பாருங்கள். பெல்ட்டில் சாய்ந்து நிற்கிறதா? ஆம் என்றால் மேலே சொன்னதுதான், கிரேன். இல்லையென்றால் பெல்ட் வீசும் நேர்க்கோட்டை விட்டுப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. கைப்பிடியின் நடுவிலுள்ள பூட்டும் தகட்டை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை ஒரேயடியாக 180 டிகிரி, தட்டையாகப் படுக்கும் வரை திறங்கள். பாதியில் நிறுத்தினால் விடாது. புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் தடுமாறுவது இங்கேதான்.
2. தகடு அசையவே இல்லையா? பாரம் பல்லின் மேல் இருக்கிறது. அரைப் பல் அளவு இன்னும் இறுக்குங்கள், தகடு இளகும். அந்த நேரத்தில் இழுங்கள்.
3. துரு என்றால் தகடு நகரும் பள்ளத்திலும் உருளையின் இரு முனையிலும் இரண்டு சொட்டு மெஷின் ஆயில். பத்து நிமிடம் பொறுங்கள். பெல்ட்டில் எண்ணெய் படக்கூடாது.
4. அப்போதும் முடியாவிட்டால், பக்கத்திலேயே இன்னொரு பெல்ட்டைப் போட்டு நன்றாக இறுக்குங்கள். சரக்கு அமுங்கி, பூட்டிக்கொண்டதில் பாரம் குறையும்.

சுத்தியல் வேண்டாம். இறுக்கமாக நிற்கும் பெல்ட்டைக் கத்தியால் அறுக்கவே அறுக்காதீர்கள். கொக்கி எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

## பெல்ட் விளிம்பு அறுகிறது, பஞ்சு பஞ்சாகிறது

கூரான விளிம்பில் நேராக உட்கார்ந்திருக்கும். ஆங்கிள் சட்டம், வெட்டிய தகடு, கிரானைட் பலகை மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள். கார்னர் வாங்க முடியாத நேரத்தில் பழைய டயர்த் துண்டு நன்றாக வேலை செய்யும். மடித்த சாக்கு கூரான தகட்டுக்குத் தாங்காது.

விளிம்பு வெட்டு பெல்ட்டின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கழித்துவிடுங்கள். 50 மில்லி பெல்ட்டில் அது வெறும் 5 மில்லி. தையல் பிரிந்தாலும் கழிவு. வெல்டிங் பொறி பட்டு உருகிய கறுப்புப் புள்ளி இருந்தாலும் கழிவு. அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு ஓட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். முடிச்சில் பெல்ட்டின் பலம் கிட்டத்தட்டப் பாதி போய்விடும், அதோடு அந்த முடிச்சு ராட்செட்டுக்குள்ளும் நுழையாது.

விளிம்பில் காயமே இல்லாமல் பெல்ட் விறைத்து, நிறம் வெளுத்து, மடித்தால் மாவு மாதிரி உதிர்ந்தால் அது வெயில். வண்டி மேலேயே வருடக்கணக்கில் கிடந்த பெல்ட் இப்படித்தான் ஆகும். திருப்பூர் சாயப்பட்டறைகளுக்குக் காஸ்டிக் சோடா ஏற்றுகிறவர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். பாலியெஸ்டரைக் காரம் தின்னும். சிந்தியது பட்ட பெல்ட்டை நம்பாதீர்கள்.

## கொக்கி வாய் விரிகிறது அல்லது கழன்று விழுகிறது

கொக்கியின் நுனியில் பாரம் நிற்கிறதா, அடி வளைவில் நிற்கிறதா என்று பாருங்கள். அடியில் முழுதாக உட்கார வேண்டும். நுனியில் மாட்டினால் நல்ல கொக்கியும் விரியும். ஒரு முறை விரிந்ததை அடித்து நிமிர்த்தாதீர்கள்.

மாட்டிய இடமும் முக்கியம். பாடியின் ஓரத்தில் வரிசையாகத் தெரியும் மெல்லிய கம்பிக் கொக்கிகள் தார்ப்பாய்க் கயிற்றுக்கு வைத்தவை. மெஷின் பாரத்துக்கு அவை நிமிர்ந்துவிடும். சைடு டோரிலும் மாட்டாதீர்கள். சேசிஸோடு சேர்ந்த குறுக்குச் சட்டம்தான் சரியான இடம். உங்கள் வண்டியில் அப்படி இடமே இல்லையென்றால் பாடி கட்டுபவரிடம் விடுங்கள், குறுக்குச் சட்டத்தில் வளையம் வைத்துத் தருவார். சேசிஸில் நீங்களாக ஓட்டை போடவோ வெல்டிங் வைக்கவோ வேண்டாம்.

## ஓடும்போது 'விர்ர்' என்று சத்தம்

காற்றில் பட்டை அதிர்கிறது. அந்தரத்தில் நிற்கும் நீளமான பகுதியில் ஒரு அரைத் திருப்பு கொடுங்கள், நின்றுவிடும். சரக்கைத் தொடும் இடத்தில் திருப்பு வரக்கூடாது. மிச்சமுள்ள வாலைச் சுருட்டிக் கட்டுங்கள், சக்கரத்தில் சுற்றினால் ஆபத்து.

## சரக்கு நசுங்குகிறது

பீரோ, ஃபிரிட்ஜ், அட்டைப்பெட்டி எல்லாம் 50 மில்லி பெல்ட்டுக்கு ஆகாது. 25 மில்லி எடுங்கள், மேலே பலகை வைத்து அதன் மேல் கட்டுங்கள். பைக் என்றால் முன்சக்கரத்தை முன்பலகையில் முட்டவிட்டு, ஹேண்டில்பாரில் கட்டாமல் அதற்குக் கீழே ஃபோர்க்கைப் பிடிக்கும் கிளாம்ப்பில் துணி வளையம் போட்டு இரு பக்கமும் இழுங்கள். ஃபோர்க் பாதிக்கு மேல் அமுங்கினால் ஆயில் சீலுக்குக் கேடு.

## '5 டன்' பெல்ட் வாங்கியும் சரக்கு நிற்கவில்லை

கடையில் சொல்லும் அந்த 5 டன் எது என்று லேபிளில் பாருங்கள். இரண்டு எண் இருக்கும். எல்சி என்பது பெல்ட் தாங்கும் அளவு. 50 மில்லி பெல்ட்டில் நேராக இழுத்தால் 2500 டிஏஎன் என்றிருக்கும், அதாவது சுமார் இரண்டரை டன். சுற்றி வளைத்தால் 5000. எஸ்டிஎஃப் என்பது கையால் இறுக்கும்போது ராட்செட்டில் தங்கும் இழுப்பு. அது 300, 350 என்று சின்னதாக இருக்கும். மேலே வளைத்துக் கட்டுகிறவருக்கு வேலை செய்வது இந்தச் சின்ன எண்தான். 5 டன் பெல்ட் உங்கள் சரக்கை 5 டன்னால் அமுக்காது. அதனால் கடையில் எஸ்டிஎஃப் கேட்டு வாங்குங்கள். கைப்பிடியைக் கீழ்நோக்கி இழுத்து இறுக்கும் நீள்கைப்பிடி வகையில் அது அதிகமாக இருக்கும்.

லேபிளே இல்லாத பெல்ட்டை விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். இருக்கும் பெல்ட்டில் லேபிள் கிழிந்துபோனால் அதை மெஷின் லோடுக்கு எடுக்காதீர்கள். எந்த ராட்செட் பெல்ட்டையும் கிரேனில் மாட்டித் தூக்கவும் கூடாது, அதற்குத் தூக்கும் பெல்ட் தனியாக இருக்கிறது.

கழித்த பெல்ட்டை முழுசாகக் குப்பையில் போட்டால் யாராவது எடுத்து அடுத்த லோடுக்குக் கட்டிவிடுவார்கள். நாங்கள் ராட்செட்டையும் கொக்கியையும் வெட்டி இரும்புக்கடைக்குப் போடுகிறோம். பட்டையை ஓரடித் துண்டுகளாக நறுக்கி, நல்ல பெல்ட்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் வைக்க ஒரு சாக்கில் போட்டு வைத்திருக்கிறோம்.